தொலைதூரக் கல்வியில் படித்து நர்ஸ் ஆக முடியுமா? கோத்தகிரியிலிருந்து கேட்ட சகோதரிக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஐந்து வருஷமாக வேலை பார்க்கிறீர்கள். ஜி.என்.எம். என்ற மூன்று வருஷ நர்சிங் டிப்ளமோ முடித்தவர், வயது 26. வேலையை விடாமல் தொலைதூரக் கல்வியில் பி.எஸ்சி. நர்சிங் படித்தால் அரசு வேலைக்கும் வெளிநாட்டுக்கும் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, இந்த வருஷம் பிளஸ் டூ முடித்த தங்கையை, வீட்டிலிருந்தே பி.எஸ்சி. நர்சிங் முடிக்கலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்லும் வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பார்த்தால் ஒரே கேள்வி மாதிரி இருக்கிறது. உண்மையில் இரண்டும் வேறு வேறு. நீங்கள் ஏற்கெனவே நர்ஸ். இருக்கிற தகுதிக்கு மேலே ஒரு பட்டம் சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. உங்கள் தங்கை இன்னும் நர்ஸ் இல்லை. ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்காமலே நர்ஸ் ஆக முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. முதல் கேள்விக்குப் பதில், முடியும், ஆனால் கணக்குப் பார்த்து இறங்க வேண்டும். இரண்டாவதற்குப் பதில், முடியாது. ஏஜென்ட் என்ன சொன்னாலும் முடியாது.

நான் ஸ்டாஃப் நர்சாக ஆரம்பித்து, வார்டு சிஸ்டராக இருந்து, கடைசிப் பத்து வருஷம் நர்சிங் ஸ்கூலில் டியூட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது குன்னூரில் இருக்கிறேன். பதிவு, உள்ளூர் வேலை, அரசுத் தேர்வு இவை எல்லாம் நானே கூட இருந்து பார்த்த விஷயங்கள், அதனால் உறுதியாகச் சொல்வேன். வெளிநாட்டு விஷயம் என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் வழியாகத் தெரிந்துகொண்டது. அதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தங்கை விஷயம், ஏனென்றால் அங்கேதான் பணம் போகப் போகிறது. நம் நாட்டில் ஒருவரை நர்ஸ் ஆக்குவது சான்றிதழ் இல்லை, பதிவு. தமிழ்நாட்டில் 1926ஆம் வருஷத்து மதராஸ் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டத்தின் கீழ் இயங்கும் மாநிலக் கவுன்சில்தான் அந்தப் பதிவைக் கொடுக்கிறது. சென்னை சாந்தோம் சாலையில் அலுவலகம். படிப்புக்கான பாடத்திட்டமும் தரமும் 1947ஆம் வருஷச் சட்டப்படி வந்த இந்திய நர்சிங் கவுன்சிலுடையது. 2023இல் நாடாளுமன்றம் தேசிய நர்சிங், மகப்பேறு ஆணையச் சட்டம் என்று ஒன்றை அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக நிறைவேற்றியிருக்கிறது. மேலே இருக்கும் அமைப்பின் பெயர் மாறலாம், ஆனால் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் நர்ஸ் என்பதில் மாற்றம் இல்லை. அந்தப் பதிவேட்டுக்குள் போக மூன்று வாசல்தான் உண்டு: துணை நர்ஸ், மருத்துவச்சிக்கான இரண்டு வருஷ ஏ.என்.எம்., மூன்று வருஷ ஜி.என்.எம்., நான்கு வருஷ பி.எஸ்சி. நர்சிங். மூன்றுமே நேரில் போய்ப் படிப்பவை. தொலைதூரக் கல்விக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2020ஆம் வருஷ விதிகளும் மருத்துவம், பல் மருத்துவம், பிசியோதெரபி ஆகியவற்றோடு நர்சிங்கையும் தொலைதூரத்தில் நடத்தக் கூடாத படிப்பு என்றே சொல்கின்றன.

இது வெறும் சட்டப் பிடிவாதம் இல்லை. நாங்கள் படித்தபோது மகப்பேறு கேஸ் புக்கில் இருபது சுகப் பிரசவம் எங்கள் கையால் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கினால்தான் பரீட்சைக்கே விடுவார்கள். முதல் பிரசவத்தில் எனக்குக் கை நடுங்கியது, குழந்தையின் தலை வரும்போது எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சிஸ்டர் என் கைமேல் தன் கையை வைத்து, "இவ்வளவுதான், இதற்கு மேல் வேண்டாம்" என்றார். அந்த "இவ்வளவுதான்" எந்தப் புத்தகத்திலும் இல்லை, செல்போன் வீடியோவிலும் இல்லை. உங்களுக்கும் இது தெரியும்.

ஏமாந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நான் டியூட்டராக இருந்தபோது, பந்தலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். அப்பா அம்மா இரண்டு பேரும் கொழுந்து பறிக்கிறவர்கள். ஒரு நீல ஃபைலில் லேமினேட் செய்த சான்றிதழ், ஓரத்தில் தங்க நிறத்தில் சீல், "டிப்ளமோ இன் நர்சிங்" என்று பெரிய எழுத்து. ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்புக்குப் போயிருக்கிறாள். மேலே படிக்க என்ன வழி என்று கேட்க வந்திருந்தாள். "பதிவு எண் என்னம்மா?" என்றேன். சான்றிதழின் கீழே இருந்த பரீட்சை நம்பரை விரலால் தொட்டுக் காட்டினாள். அது பதிவு எண் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படிப்பை எந்தக் கவுன்சிலும் ஏற்காது. அதை வைத்து ஜி.என்.எம்.மில் நேராக இரண்டாம் வருஷம் சேரவும் முடியாது, மேற்படிப்புக்கும் போக முடியாது. அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. நல்லவேளையாக அவளுக்கு வயது பதினெட்டுதான். மறுவருஷம் ஏ.என்.எம்.மில் சேர்ந்தாள்.

இந்த மாதிரி ஆறு மாத, ஒரு வருஷப் படிப்புகள் எல்லாமே மோசடி என்று சொல்லவில்லை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, சாப்பாடு ஊட்டுவது என்று உதவியாளர் வேலைக்கு முறையான பயிற்சிகள் இருக்கின்றன. வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள இப்போது ஆள் தேவையும் இருக்கிறது. உதவியாளர் படிப்பு என்று சொல்லிச் சேர்த்தால் அதில் குற்றம் இல்லை. நர்சிங் என்று சொல்லிச் சேர்ப்பதுதான் குற்றம். பதிவு இல்லாதவர் ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால், கிளினிக்காரர் கைவிரித்துவிடுவார், அந்தப் பெண்தான் மாட்டிக்கொள்வாள்.

சரி, தங்கை என்ன செய்யலாம்? பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து இந்தப் பாடங்களில் 45 சதவீதம் இருந்தால், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 40, பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். தமிழ்நாட்டில் அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு மூலமாகப் பாராமெடிக்கல் கவுன்சலிங் நடக்கும், பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. அறிவியல் பாடம் எடுக்காத பிள்ளைக்கும் ஜி.என்.எம். கதவு முழுக்க மூடவில்லை, ஆங்கிலத்தோடு 40 சதவீதம் இருந்தால் கவுன்சில் விதி அனுமதிக்கிறது. ஆனால் அரசு நர்சிங் பள்ளிகளில் அறிவியல் பிரிவுக்காரர்களுக்கு முன்னுரிமை இருக்கும், அதையும் மனதில் வையுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். கல்லூரியில் நேரில் படித்தால்தான் அது கிடைக்கும், அஞ்சல் வழிப் படிப்புக்கு இல்லை. ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் நிறையப் பேர் மைசூர், பெங்களூர், கேரளா என்று போய்ப் படிக்கிறார்கள். அது தப்பில்லை. ஆனால் அங்கே படித்தால் முதல் பதிவு அந்த மாநிலக் கவுன்சிலில்தான் ஆகும். திரும்பி வந்து தமிழ்நாட்டு அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே பதிவை மாற்ற வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆன கதைகள் உண்டு. அறிவிப்பு வந்தபிறகு ஓடினால் கடைசித் தேதி போய்விடும். படிப்பு முடிந்த கையோடு முதல் வேலையாக இதைச் செய்துவிட வேண்டும்.

இப்போது உங்கள் விஷயம். பதிவு பெற்ற ஜி.என்.எம். நர்ஸ் பட்டதாரியாகும் வழிக்குப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் என்று பெயர். கல்லூரியில் நேரில் படித்தால் இரண்டு வருஷம். வேலையில் இருந்துகொண்டே படிக்க இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது நாம் இக்னோ என்று சொல்வது, தொண்ணூறுகளிலிருந்து இதை நடத்தி வருகிறது, குறைந்தது மூன்று வருஷம். பிளஸ் டூவோடு ஜி.என்.எம். முடித்து, பதிவுக்குப் பிறகு இரண்டு வருஷ அனுபவம் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு ஜி.என்.எம். படித்த பழைய நர்சுகளுக்கு ஐந்து வருஷம். நுழைவுத் தேர்வு உண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் தொலைதூரத்தில் ஏற்றுக்கொண்டு வந்தது இந்த ஒன்றைத்தான். அதுவும் ஏற்கெனவே கையில் தொழில் இருப்பவர்களுக்கு மட்டும் என்பதால்தான். வேறு எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி யார் வந்தாலும் அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். இக்னோவிலும், நீங்கள் சேரும் வருஷத்துக் கையேட்டில் கவுன்சில் அங்கீகாரம் பற்றிய வரியை உங்கள் கண்ணால் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தொலைதூரம் என்றாலும் வீட்டிலேயே முடிகிற படிப்பு இல்லை இது. செய்முறைக்கும் நேர்முக வகுப்புக்கும் ஒரு நர்சிங் கல்லூரியில் இருக்கும் மையத்துக்கு நாள்கணக்கில் போய் உட்கார வேண்டும். எஸ்டேட்டில் இரண்டே நர்ஸ் என்றால் அந்த லீவு யார் கொடுப்பார்கள்? சேருவதற்கு முன்பே டாக்டரிடமும் மேனேஜரிடமும் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னோடு வேலை பார்த்த இரண்டு சிஸ்டர்கள் இதில் சேர்ந்தார்கள். ஒருவர் முடித்தார், ஒருவர் லீவு கிடைக்காமல் பாதியில் விட்டார். இத்தனைக்கும் நன்றாகப் படிப்பவர் விட்டவர்தான். பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டம் எங்கே உதவும், எங்கே உதவாது? தமிழ்நாடு அரசு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு எம்.ஆர்.பி. என்று நாம் சொல்லும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது, 2012இல் வந்த வாரியம். அதற்கு ஜி.என்.எம்.மும் தமிழ்நாட்டுப் பதிவும் போதும். பட்டம் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்றில்லை. துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேலைக்கும் ஜி.என்.எம். பதிவு போதும். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணி அறிவிப்புகளும் அப்படித்தான். அதாவது நீலகிரியிலேயே அரசு வேலை என்பது மட்டும் உங்கள் ஆசை என்றால், மூன்று வருஷம் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே நீங்கள் தகுதியானவர்.

மத்திய அரசின் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கான நர்சிங் ஆபீசர் தேர்வு, நார்செட் என்பார்கள், அது வேறு கதை. நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு நிபந்தனை அதில் இருப்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் இருந்தால் பதிவோடு நேராக எழுதலாம். ஜி.என்.எம். மட்டும் என்றால், குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள். உங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை? நான் பார்த்த வரையில் பத்து, இருபதுதான் இருக்கும். அப்படியானால், அட்டைக்கடியிலிருந்து காட்டெருமை முட்டியது வரை, நடுராத்திரி பனிமூட்டத்தில் டார்ச் அடித்துக்கொண்டு தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போய்ப் பிரசவம் பார்த்தது வரை, நீங்கள் ஐந்து வருஷமாகச் செய்த எதுவும் அந்தத் தேர்வில் அனுபவமாகச் சேராது. எனக்கே இது வயிற்றெரிச்சலான விஷயம். தனியாக நின்று முடிவெடுக்கிற எஸ்டேட் நர்சுக்குத் தெரிந்தது பெரிய ஆஸ்பத்திரியில் பலருக்குத் தெரியாது. ஆனால் விதி விதிதான்.

வயதும் பார்க்க வேண்டும். நார்செட்டுக்கு உச்ச வரம்பு 30. ஓ.பி.சி.க்கு மூன்று வருஷம், எஸ்.சி., எஸ்.டி.க்கு ஐந்து வருஷம் தளர்வு. இன்றைக்கு 26, நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்து மூன்று வருஷம் முடிக்கும்போது முப்பதைத் தொட்டுவிடுவீர்கள். தளர்வு இல்லாதவர் என்றால் பட்டம் கைக்கு வரும்போது கதவு சாத்தியிருக்கும். இதனால், மத்திய அரசு வேலைதான் குறி என்றால், என் யோசனை வேறு. முதலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறுங்கள். ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்திருக்கிறார்கள், அங்கே ஒப்பந்த அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோவைக்கு இறங்குங்கள். ஐ.சி.யூ.விலோ, அவசரப் பிரிவிலோ இரண்டு வருஷம் நின்றால் 28 வயதில் ஜி.என்.எம்.மை வைத்தே நார்செட் எழுதலாம். இக்னோ படிப்பை அதோடு சேர்த்து ஓட்டலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அனுபவச் சான்றிதழில் படுக்கை எண்ணிக்கையை எழுதி வாங்க மறக்காதீர்கள்.

பட்டம் உண்மையாகவே அவசியமான இடம் ஒன்று உண்டு, கற்பிக்கும் வேலை. நர்சிங் பள்ளியில் டியூட்டர் ஆகவும், மேலே எம்.எஸ்சி. நர்சிங் போகவும் பி.எஸ்சி.யோ போஸ்ட் பேசிக்கோ வேண்டும். எம்.எஸ்சி.க்கு 55 சதவீதம் கேட்பார்கள், அதனால் தேர்ச்சி பெற்றால் போதும் என்று படிக்காதீர்கள். முடித்ததும் அந்தப் பட்டத்தைக் கூடுதல் தகுதியாகக் கவுன்சிலில் பதிய வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, வேலைக்குப் போகும்போது அலைகிறார்கள். கற்பிப்பதில் ஆசை இல்லை, நோயாளி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றால், பட்டத்தை விட ஒரு வருஷச் சிறப்புப் படிப்பு நல்லது என்பது என் அபிப்பிராயம். தீவிர சிகிச்சை, அறுவை அரங்கம், பச்சிளங்குழந்தை, மனநலம், புற்றுநோய் என்று கவுன்சில் ஏற்ற படிப்புகள் உண்டு. ஆனால் அவை ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் படிப்பவை.

வெளிநாடு. இங்கே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, எல்லா நாடும் முதலில் பார்ப்பது உங்கள் அடிப்படைப் படிப்பையும் பதிவையும்தான். பிரிட்டனில் அவர்கள் கவுன்சில் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைக்கும், ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வும் வேண்டும். அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு. அதற்கு முன் உங்கள் படிப்பில் மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை, மனநலம் ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேர வகுப்பு, எத்தனை மணி நேர வார்டு என்று பிரித்துக் கேட்பார்கள். அந்தக் கணக்கு உங்கள் ஜி.என்.எம். பள்ளியிலிருந்துதான் வர வேண்டும், இக்னோவிலிருந்து வராது. எனவே பள்ளி நன்றாக நடக்கும்போதே போய் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூடிப்போன பள்ளியில் படித்த பிள்ளைகள் இதற்காகப் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

உறுதியில்லாத இடம் வளைகுடா. சவுதியில் டிப்ளமோ நர்சுக்கு ஒரு நிலை, பட்டதாரிக்கு மேல் நிலை, சம்பளமும் அதற்கேற்ப. ஆனால் சான்றிதழ் சரிபார்க்கும்போது படிப்பு நேரிலா, தொலைதூரமா என்று பார்க்கிறார்கள். தொலைதூரப் போஸ்ட் பேசிக்கைப் பட்டமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிச் சேர வேண்டாம். டிப்ளமோவாகவே கணக்கு வைத்தாலும் பரவாயில்லை என்றால் மட்டும் போங்கள். வளைகுடாதான் முடிவு என்றால், இரண்டு வருஷம் சம்பளம் போனாலும் கல்லூரியில் நேரில் போஸ்ட் பேசிக் படிப்பதே பத்திரம். போகும் வழிக்குச் சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது, 1978இலிருந்து இயங்குகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

இரண்டு வேலை உடனே செய்யுங்கள். உங்கள் பதிவு அட்டையை எடுத்துப் புதுப்பிக்கும் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள், எஸ்டேட்டில் யாரும் கேட்பதில்லை என்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, அந்த ஏஜென்ட்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தப் பட்டத்தை வைத்துத் தமிழ்நாடு கவுன்சிலில் ஆர்.என்.ஆர்.எம்., அதாவது நர்ஸ், மருத்துவச்சி என்ற பதிவு வாங்கிய ஒருவருடைய பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பாராமெடிக்கல் விண்ணப்பத்துக்கு அதிக நாள் இருக்காது. தங்கை எந்தப் பிரிவு, எத்தனை மார்க் என்று இங்கேயே எழுதுங்கள், ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. மூன்றில் எதற்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.